மிஸியின் வீட்டுப்பாடம்

1

“உனக்குத்தான் எழுத வருமே துளசி, எனக்கு ஒண்ணு எழுதிக் குடுக்குறியா?”

இந்தக் கதை பிறந்தது இந்தக் கேள்வியில்தான். பிறக்கும்போது இது கதையாக இல்லை, இன்னொருத்தியின் வீட்டுப்பாடமாக இருந்தது. கேட்டவள் ஜெகதீஸ்வரி, ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் தாதி, நோயாளிகள் வாயில் ‘மிஸி’. துளசி படகுத்துறைக்குப் பக்கத்து டோபிக் கடையில் துணி மடிப்பவள். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள். அவள்தான் இதை எழுதுகிறாள். ‘நான்’ என்று எழுதினால் கை நின்றுவிடுகிறது, ‘துளசி’ என்று எழுதினால் ஓடுகிறது. வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவள் எழுதுவாள் என்பது ஜெகதீஸ்வரிக்கு மட்டும் தெரியும். அதுவும் ஒரு தவறால். பாதிக் கதை எழுதிய தாள் ஒன்று அவசரத்தில் ஜெகதீஸ்வரியின் சீருடையோடு சேர்ந்து மடிபட்டு அவள் வீட்டுக்கே போய்விட்டது. மறுநாள் தாளை நீட்டி, “அப்புறம் அந்தப் பொம்பள கதவத் தொறந்தாளா இல்லையா?” என்றாள். துளசிக்கு அன்று முழுக்கக் காது சூடாகவே இருந்தது.

“அடுத்தவங்க பாடத்த எழுதிக் குடுத்தா தப்பில்லையாக்கா?”

“நீ தமிழ்ல எழுது. இங்கிலீஷ்ல மாத்துறது நான்தானே. அப்ப பாதி நான் எழுதுன மாதிரிதான்லா.”

2

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. கதை நிற்கிறதே என்று நினைப்பவர்கள் மூன்றாம் பகுதிக்குப் போகலாம்.

ஜெகதீஸ்வரி டிப்ளோமா படித்தவள். பட்டம் இருந்தால்தான் மேலே போக முடியும் என்று, வேலையை விடாமல் இணையத்தில் சேர்ந்தாள். உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, அந்தப் படிப்பில் ஊசியும் கிடையாது, கட்டும் கிடையாது, எல்லாமே எழுத்து. அவள் வீடு அக்கரையில், பாகான் டாலாமில். வேலைக்கு வரும்போதும் திரும்பும்போதும் ஃபெர்ரியில் உட்கார்ந்து கைப்பேசியில் கட்டைவிரலால் எழுதுவாள். கரை வந்தால் வாக்கியம் பாதியில் நிற்கும். “என் கட்டுரை எல்லாம் ஃபெர்ரி போற தூரந்தான்” என்பாள்.

இப்போது மாட்டியிருப்பது வேறு மாதிரிக் கட்டுரை. வார்டில் நடந்த ஒன்றைச் சொல்லி, அப்போது மனதில் என்ன ஓடியது, இனி என்ன செய்வாய் என்று எழுத வேண்டும். அவள் எழுதியது இது:

‘நோயாளி கால் அறுவை குறித்துக் கேள்வி கேட்டார். கவலையுடன் காணப்பட்டார். மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது.’

பல வருடங்களாக இப்படி எழுதிப் பழகிய கை. வார்டுக் குறிப்பில் தாதியின் மனதுக்கு இடம் கிடையாது. கட்டுரை திரும்பி வந்தது. ஓரத்தில் விரிவுரையாளர் கேட்டிருந்தார்: ‘இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?’

“எங்க இருப்பேன், வார்டுலதான் இருந்தேன்” என்றாள் ஜெகதீஸ்வரி. சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் திரும்ப அனுப்ப வேண்டும். இந்த முறையும் விழுந்தால் படிப்பு அதோடு நின்றுவிடும்.

3

தொடக்கம்: மாலை வெயில் ஜன்னல் வழியாகப் பிச்சைமுத்துவின்* கட்டிலில் வந்து

(கைவிடப்பட்டது. அந்த அறைக்கு ஜன்னல் இல்லையாம்.)

இன்னொரு தொடக்கம்: என் அப்பாவுக்கும் இதே சர்க்கரை நோய்தான். அதனால்

(இதுவும். ஜெகதீஸ்வரியின் அப்பா திடமாக இருக்கிறார், செபராங் ஜெயாவில் லாரி ஓட்டுகிறார்.)

கடைசியில் நின்றது இது: “மிஸி, எடுத்த கால என்னம்மா செய்வாங்க?” என்று கேட்டார் பிச்சைமுத்து.

நின்றதற்குக் காரணம், அது துளசியுடைய வாக்கியம் அல்ல. கால் எடுக்கும் அறுவைக்கு முதல் நாள் அவர் உண்மையிலேயே கேட்டது. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் துளசியுடையது. ‘நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கண்கள் கலங்கின.’ பேனா எங்கும் நிற்கவில்லை. துளசிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

* அவர் பெயர் இது இல்லை. நோயாளியின் பெயரை மாற்றித்தான் எழுத வேண்டும் என்பது அந்தப் படிப்பின் விதி. இந்தக் கதைக்கும் அதுவே விதி.

4

சனிக்கிழமை வேலை முடிந்து வந்த ஜெகதீஸ்வரி, காயவைக்கும் இயந்திரத்தில் சாய்ந்தபடி படித்தாள்.

“நல்லாருக்கு. பாஸாயிடும்.” இன்னொரு முறை படித்தாள். “ஆனா நான் அழுவலையே.”

“கதைக்கு அப்படி வந்தாத்தான்க்கா...”

“நாற்காலியும் போடல. அங்க நாற்காலி ஏது? பக்கத்துக் கட்டில்காரர் சொந்தம் அஞ்சு பேரு உக்காந்திருந்தாங்க.”

“அப்ப என்னாதான் செஞ்சீங்க?”

இயந்திரம் சுற்றி நின்றது.

“டாக்டர்கிட்ட கேளுங்க ஐயான்னேன். போர்வைய இழுத்து மூடினேன். ரெண்டு காலையும். ஓரத்த மெத்தைக்கடியில சொருகினேன். வந்துட்டேன்.”

“பதில் தெரியாதாக்கா?”

“தெரியும்லா. எல்லாம் தெரியும். சொல்லியிருந்தா அங்கயே கொஞ்ச நேரம் நிக்கணும். அழுவாரு, இன்னும் கேப்பாரு. அன்னிக்கு ஒரு அசைன்மென்ட் அனுப்ப வேண்டிய நாளு. போன எடுத்துக்கிட்டுத் துணி ரூமுக்குள்ள போயிட்டேன்.” தாளை மேசையில் வைத்தாள். “என்னா தலைப்புன்னு கேளு.”

துளசி கேட்கவில்லை.

“நோயாளி பேசறதக் காது குடுத்துக் கேக்குறது எப்படி.”

இருவரும் சிரித்தார்கள். முதலில் நிறுத்தியது ஜெகதீஸ்வரி.

“அந்த அசைன்மென்ட்டுக்கு நல்ல மார்க்கு. கால் போன பிறகு அவரு என்னை ஒண்ணுமே கேக்கல. வீட்டுக்குப் போறப்ப, வரேன் மிஸின்னாரு, அவ்வளவுதான்.”

“அதையே எழுதுங்களேன்க்கா. அந்த லெக்சரர் கேட்டது அதத்தானே?”

“பைத்தியமா உனக்கு? அனுப்பின பிறகு கடைசிப் பக்கத்துல எங்களுக்கு மேல இருக்குற வார்டு சிஸ்டர் சைன் வைக்கணும். படிக்காம வைக்க மாட்டாங்க. டியூட்டி நேரத்துல பேஷண்ட விட்டுட்டுப் போயி போன்ல எழுதினேன்னு நானே எழுதிக் குடுக்கவா?”

5

துளசி தன் கதாபாத்திரத்தைச் சந்தேகப்படத் தொடங்கியது அன்றுதான். தாளில் இருக்கும் ஜெகதீஸ்வரி கையைப் பிடிக்கிறாள், கண் கலங்குகிறாள். ஆனால் அவளுக்குக் கால் வலிப்பதில்லை, ஃபெர்ரியைப் பிடிக்க ஓடுவதில்லை. அப்படிப்பட்டவளுக்கு இந்தப் படிப்பே எதற்கு என்று தோன்றியது. போர்வையை மூடிவிட்டு ஓடியவளைத்தான் துளசிக்குத் தெரியும்.

ஆகவே இன்னொரு தாளில் அவளையும் எழுதினாள். இது சீக்கிரம் முடிந்துவிட்டது. சொருகிய போர்வையோடு நின்றது.

முடிவுகள் சிலவற்றையும் யோசித்துப் பார்த்தாள்.

அழகான தாளை அனுப்புகிறாள், பட்டம் வாங்குகிறாள். வேறொரு பிச்சைமுத்து வேறொன்றைக் கேட்கும்போது

உண்மையான தாளைப் படித்த சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு

அல்லது அந்தச் சிஸ்டரும் ஒரு காலத்தில் இப்படி ஒரு துணி அறைக்குள் நின்றவர்தான் என்று (இல்லை. இது ரொம்ப வசதியான முடிவு. இப்படி நடந்தால் நன்றாக இருக்கும் என்பதாலேயே நம்ப முடியவில்லை.)

மூன்றையும் முடிக்க முடியவில்லை. கையெழுத்து வாங்கப்போவது துளசி இல்லை.

6

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜெகதீஸ்வரி சீருடையை எடுக்க வந்தாள். மேசையில் அன்றைக்குத் துவைத்த படுக்கை விரிப்புகள் மடிக்காமல் கிடந்தன. அவற்றை ஓரம் தள்ளி, துளசி இரண்டு தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். எது எது என்று படித்தால் தெரியும்.

ஜெகதீஸ்வரி நின்றபடியே படித்தாள். முதலில் இதை, பிறகு அதை. பிறகு திரும்பவும் முதலில் இருந்ததை. வெளியே ஃபெர்ரிக்குப் போகிற மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன் பின் ஒன்றாகத் திரும்பின.

இதற்குப் பிறகு அவள் எதை அனுப்பினாள் என்று துளசி கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அவள் அடுத்த சீருடையோடு வரத்தான் போகிறாள். ஆனால் அதற்குள் இதை முடித்துவிட வேண்டும் என்று துளசிக்குத் தோன்றுகிறது. தெரிந்துவிட்டால் இது மறுபடியும் அவளுடைய வீட்டுப்பாடமாகிவிடும். அனுப்ப வேண்டிய நேரத்தை மட்டும் மறக்க வேண்டாம்: அன்று மாலை. நடுவில் இருப்பது ஒரு ஃபெர்ரிப் பயணம். அவள் கட்டைவிரல் என்ன எழுதும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். துளசி பார்த்தது வரைக்கும் இதோ.

ஜெகதீஸ்வரி தாள்களைக் கீழே வைத்தாள். குவிந்து கிடந்ததில் ஒரு விரிப்பின் நுனியைப் பிடித்து இழுத்து, சுருக்கம் இல்லாமல் நீவி, தாள்களை மூடினாள். இரண்டையும். விரிப்பின் ஓரத்தை மேசைத் துணிக்கு அடியில் இறுக்கமாகச் சொருகினாள். சீருடையை எடுத்துக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, படகுத்துறைப் பக்கம் நடந்தாள்.