நாலாம் அறைக்குத் தண்ணீர்

யுவராணியைக் கண்டாலே பார்வதத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணம் கேட்டால் ஒன்றா, இரண்டா? வெள்ளானூர்ப் பக்கம் இருக்கும் அந்த அரசு உயர்நிலைப் பள்ளியில் பார்வதம் பதினோரு வருஷமாகப் பெருக்குகிறாள், கக்கூஸ் கழுவுகிறாள், பிரேயரில் மயங்கி விழும் பிள்ளைக்கு முகம் துடைத்துவிடுகிறாள். அவளைப் பிள்ளைகள் கூப்பிடுவது ‘ஆயா’. யுவராணி வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. மகன் கிஷோரை எட்டாம் வகுப்பில் சேர்த்த கையோடு பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியாகிவிட்டாள். புருஷனுக்கு ஆவடி ஃபாக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு, ஏறி இறங்க ஸ்கூட்டி. சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறாளாம், அதனால் அவள் ‘மிஸ்’. சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறவள் ஆயா. இது என்ன கணக்கு என்று பார்வதத்துக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பெற்றோர் கூட்டம் நடந்தால் நாற்காலி போடுவது பார்வதம், உட்காருவது யுவராணி. டீ கொண்டுபோய் நீட்டினால், “எதுக்குக்கா சிரமம், நானே வந்து எடுத்துக்க மாட்டேனா?” என்பாள். திமிராகப் பேசினாலாவது திருப்பிக் கொடுக்கலாம். அவளோ குறை சொல்ல இடமே வைக்காமல் நல்லவளாக இருந்து தொலைத்தாள்.

இதையெல்லாம்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பாள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுத் தண்ணீரில் கைவைத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

பரீட்சை எழுதும் பிள்ளைகள் நடுவில் எழுந்து வெளியே போகக் கூடாது. தாகமெடுத்தால் கையைத் தூக்க வேண்டும். வாசலில் வாளியும் டம்ளருமாக நிற்கிற ஆள் உள்ளே போய்க் கொடுக்கும். பத்து வருஷப் பரீட்சைக்கும் அந்த ஆள் பார்வதம்தான். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தாயிற்று. இந்த வருஷம் அவள் மகள் சுவேதா எழுதுகிறாள், நாலாம் அறையில், ஜன்னலோர பெஞ்சில். எழுத்து தெரியாத அம்மா மகளின் பரீட்சைக்கு வேறென்ன செய்துவிட முடியும்? அந்த ஒரு டம்ளர் தண்ணீரைத் தன் கையால் கொடுக்க வேண்டும் என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

பரீட்சைக்கு முந்தின நாள் தலைமையாசிரியை ரேணுகா கூப்பிட்டார்.

“பார்வதம், இந்த வருஷம் தண்ணி டூட்டி யுவராணி பார்த்துப்பாங்க. நீ வராண்டாவைப் பெருக்கிட்டு அங்கேயே இரு. ரூமுக்குள்ள மட்டும் போயிடாதே.”

“நான் இன்னா தப்பு பண்ணேன் மேடம்?”

“தப்பெல்லாம் ஒண்ணுமில்ல. ஏன்னு உனக்கே தெரியுமே. சத்தம் போடாம போ.”

ரேணுகா குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். பார்வதத்தின் காதில் ஏறினால்தானே? யுவராணி என்ற பெயருக்கு அப்புறம் எதுவும் ஏறவில்லை.

தமிழ்ப் பரீட்சை அன்று வராண்டாவில் துடைப்பமும் கையுமாக நின்று ஜன்னல் வழியே பார்த்தாள். பதினொரு மணிவாக்கில் சுவேதா கையைத் தூக்கினாள். யுவராணி போய்த் தண்ணீர் கொடுத்தாள். கொடுத்ததோடு விட்டாளா? முந்தானையால் அந்தப் பெண்ணின் நெற்றி வியர்வையை ஒற்றி எடுத்தாள். சுவேதா அவளைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பார்வதத்துக்கு வரவேண்டியது.

வாட்ச்மேன் சின்னப்பையன் கேட்டருகே பிடித்துக்கொண்டான்.

“இன்னா பார்வதம், வயிறு எரியுதா? வாடை கேட்டு வரைக்கும் வருது.”

“வாய மூடு அண்ணாத்தே. நேத்து வந்தவ உள்ள நிக்கிறா, நான் வெளிய நிக்கிறேன்.”

“அதுதான் எனக்கும் பிரியல. பெத்தவங்க யாரும் உள்ள நிக்கக் கூடாதுன்னு ரூலு கீதுன்னு சொல்லிக்கிறாங்கோ. அந்தம்மா பெத்தவங்களுக்கே தலைவியாச்சே?”

அவன் விளையாட்டாகச் சொன்னான். பார்வதம் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு வீட்டில் சமைக்கும்போதும் அதே நினைப்பு. மாட்டினாள் மகராணி என்று குழம்பைக் கிண்டும்போது சிரிப்புகூட வந்தது.

ஆங்கிலப் பரீட்சை அன்று காலையில், மணி அடிப்பதற்கு முன்பே, தேர்வை மேற்பார்க்க வெளியிலிருந்து வந்திருந்த அதிகாரி சிவராமன் முன்னால் போய் நின்றாள். பக்கத்தில் ரேணுகா இருந்தார்.

“சார், பெத்தவங்க உள்ள இருக்கக் கூடாதாமே? யுவராணி அம்மா பெத்தவங்கதானே? அவங்க புள்ளையும் இங்கதான் படிக்குது. தண்ணி குடுத்துகினு கீறாங்க.”

ரேணுகா பதறி, “பார்வதம், நீ போய் வேலையைப் பாரு,” என்றார். சிவராமன் கையமர்த்தினார். டூட்டிப் பட்டியலில் யுவராணி பெயருக்கு எதிரே எழுதியிருந்ததைப் பார்த்தார்.

“அவங்க பையன் ஒன்பதாவதும்மா. பரீட்சை எழுதல. பிள்ளை எழுதுற பெற்றோர்தான் இருக்கக் கூடாது. இருந்தாலும் நீங்க கேட்டது நல்லதாப் போச்சு. எல்லார்கிட்டயும் ஒரு வார்த்தை எழுதி வாங்கிடறேன். உங்ககிட்டயிருந்தே ஆரம்பிக்கலாம். உங்க பிள்ளைங்க யாராவது எழுதறாங்களா?”

“எம் பொண்ணு சார்! சுவேதா. நாலாம் ரூமு.” கேட்ட மாத்திரத்தில் பெருமையாகச் சொல்லிவிட்டாள்.

சிவராமன் பேனாவைக் கீழே வைத்தார்.

“அப்ப நீங்களும் பெற்றோர்தானேம்மா?”

பதினோரு வருஷத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் அவளை அப்படிச் சொன்னதில்லை. பெற்றோர் என்றால் நாற்காலியில் உட்காருகிறவர்கள். அவள் நாற்காலி போடுகிறவள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

“பரீட்சை முடியற வரைக்கும் நீங்க காம்பவுண்டுக்குள்ளயே இருக்கக் கூடாது,” என்றார் சிவராமன். கோபமில்லை, ஆனால் இறங்கிவருகிற குரலுமில்லை.

வாசல்வரை ரேணுகா கூடவே வந்தார். “ஜன்னல் வழியாவாவது மகளைப் பார்த்துக்கட்டும்னுதாண்டி உன்னை வராண்டாவில போட்டேன். உனக்குத் தெரியும்னு நெனச்சேன். இப்படி வந்து நிப்பேன்னு யார் கண்டா?”

பார்வதத்தை வெளியே அனுப்பிக் கேட்டைச் சாத்த வேண்டிய வேலை சின்னப்பையனுக்கு வந்தது. அவன் இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை. அவள் முகத்தையே பார்க்கவில்லை.

வெளியே வேப்ப மரத்தடியில் நாலைந்து அம்மாக்கள் நின்றிருந்தார்கள். பார்வதம் கொஞ்சம் தள்ளி நின்றாள். மணி அடித்துச் சற்று நேரம் கழித்து யுவராணி கேட்டருகே வந்தாள், ஓட்டமும் நடையுமாக.

“அக்கா, கேள்விப்பட்டேன். யாரோ உங்களைப் போட்டுக்கொடுத்துட்டாங்களாமே. நல்லா இருப்பாங்களா அவங்க? நீங்க கவலைப்படாதீங்க. வராண்டாவையும் நானே பெருக்கிடறேன்.”

பார்வதம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்தான் என்று சொல்லத் தைரியமில்லை. சொன்னாலும் அவள் மன்னித்துவிடுவாள் என்பதை நினைக்க அதைவிட எரிச்சலாக இருந்தது.

யுவராணி துடைப்பத்தை எடுத்து வராண்டாவைப் பெருக்கினாள். பழக்கமில்லாத கை, குப்பையைவிடப் புழுதியைத்தான் அதிகம் கிளப்பியது. நாலாம் அறை ஜன்னலருகே போனதும் நின்றாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். நேற்றுவரை தண்டனை என்று பார்வதம் சபித்துக்கொண்டிருந்த இடம் அது. இப்போது அந்த இடத்துக்காக எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள்.

யுவராணி கேட்டைப் பார்த்துத் திரும்பினாள். காற்றில் விரலால் எழுதிக் காட்டினாள். எழுதுகிறாள், நன்றாக எழுதுகிறாள்.

பார்வதம் தலையை ஆட்டினாள். வயிறு எரிய எரிய ஆட்டினாள். ஆட்டாவிட்டால் அவள் மறுபடி எட்டிப் பார்த்துச் சொல்ல மாட்டாளே.