வலது பக்கச் சன்னல்

குவஹாரா, பள்ளிக்கூடங்களுக்கு மதிய உணவு சமைத்து அனுப்பும் கூடத்தில் வேலை பார்த்தவர். இரண்டு மணிக்குக் கையைக் கழுவினால் இரண்டரைக்கெல்லாம் விமான நிலையத்துக்கு மேற்கே உள்ள ஆற்றங்கரை மேட்டில் இருப்பார். கூடவே மூன்று படி ஏணி, முழங்கை நீள லென்ஸ் மாட்டிய கேமரா. நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. நான் டாக்சி ஓட்டுகிறவன். வரிசையில் என் முறை வர நேரமாகும் என்றால் மேட்டுக்கு நடந்து போய் அவர் பக்கத்தில் நின்று சிகரெட் பிடிப்பேன்.

கியூஷூவின் மேற்குக் கரையில் எங்களுடையது சின்ன விமான நிலையம். ஒரு நாளைக்கு ஆறு விமானம். அதில் இரண்டு தீவுக்குப் போகும் குட்டி விமானங்கள். அந்த ஆறையே அவர் பதினோரு வருஷமாக எடுத்துக்கொண்டிருந்தார்.

"போன வாரம் எடுத்த அதே விமானந்தானே குவஹாரா சான்?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"போன வாரம் மூக்குல பூச்சி அப்பியிருந்துச்சு. இன்னிக்குக் கழுவி விட்டிருக்காங்க, பாருங்க" என்றார், கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல்.

மேட்டுக்கு வரும் இன்னொருவர் தொகுநாகா. வாய்த்துடுக்கு அதிகம். "இந்த மனுசனுக்குப் பொண்ணு பார்க்கணும்னா ரெண்டு றெக்கை உள்ளதா பார்க்கணும்" என்பார்.

"றெக்கை மட்டும் போதாது. நேரத்துக்குக் கெளம்பணும்" என்பார் குவஹாரா.

அந்த நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, மூன்று பத்துக்குக் கிளம்பிய தீவு விமானம் தீவுக்குப் போய்ச் சேரவில்லை. பதினேழு பேர். கடலில் விழுந்ததாக ராத்திரிச் செய்தியில் சொன்னார்கள். யாரும் பிழைக்கவில்லை.

அது தரையை விட்டு எழும்பும்போது குவஹாரா ஆறு படம் எடுத்திருந்தார். விசாரணைக்காரர்கள் நெகட்டிவை வாங்கிப் போய், விமானத்தில் கோளாறு எதுவும் தெரியவில்லை என்று திருப்பித் தந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்து கேட்டபோது அவர் கதவையே திறக்கவில்லை. அதற்குப் பிறகு மேட்டுக்கும் வரவில்லை.

ஏப்ரலில் ஒரு அம்மாள் என் டாக்சியில் ஏறினாள். ஐம்பதைத் தாண்டியவள். சோப்பு ஊறி ஊறித் தோல் உரிந்த கைகள். சலவைக்கடை வைத்திருக்கிறாளாம். பெயர் மினெமுரா.

"விமானத்தப் படம் எடுக்கறவர் ஒருத்தர் இருக்காராமே. அவர் வீட்டுக்குப் போகணும்."

வழியில் மெல்ல மெல்லச் சொன்னாள். மகள் சிசுரு, இருபத்திரண்டு வயது, நர்ஸ் படிப்பு முடித்தவள். தீவு ஆஸ்பத்திரியில் முதல் வேலைக்குச் சேரப் போன பெண். உடல் கிடைக்கவில்லை. நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

குவஹாரா எங்களை உட்கார வைத்தார். உள்ளே போய் ஒரு பெரிய படத்தை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். சக்கரம் அப்போதுதான் தரையை விட்டிருந்தது. நாலாவது சன்னல் கண்ணாடியில் ஒரு உள்ளங்கை பதிந்திருந்தது. முகம் தெரியவில்லை. வெறும் கை மட்டும்.

அந்த அம்மாள் ரொம்ப நேரம் குனிந்து பார்த்தாள். பிறகு, "இது அவதான்" என்றாள்.

குவஹாரா எதையோ சொல்ல வாயெடுத்தார். நான் அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். மேட்டிலிருந்து எடுத்தால் விமானத்தின் இடது பக்கம்தான் படத்தில் விழும் என்று எனக்கும் தெரியும். மகள் எந்தப் பக்கம் உட்கார்ந்தாள் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. அவள் படத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போனாள்.

மே மாதம் திரும்ப வந்தாள். அதே துணியில் சுற்றிய படத்தைக் குவஹாராவிடம் நீட்டினாள்.

"இந்தக் கையில சுண்டுவிரல் பாதிதான் இருக்கு. என் பொண்ணுக்கு அஞ்சும் முழுசு."

குவஹாரா தரையைப் பார்த்துக்கொண்டே, "படத்துல ஏதோ கறைன்னு நெனச்சேங்க" என்றார்.

"நான் அன்னிக்கே பார்த்துட்டேன். அவ வலது பக்கச் சன்னல்னும் எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு மாசம் வச்சுக்கணும்னு இருந்துச்சு. சோறு வச்சேன், இது முன்னாடி." துணியை விலக்கி அந்தக் கையைக் காட்டினாள். "இவரையும் யாராவது தேடிக்கிட்டுத்தானே இருப்பாங்க? விபத்துல பறிகொடுத்தவங்க சங்கத்துல கேட்டு வாங்கிட்டேன். இடது பக்கம் நாலாவது, உஷிஜிமான்னு ஒருத்தர். துறைமுகத்துப் பக்கம் வீடு. நீங்களும் வாங்க. எடுத்தவர் நீங்கதானே."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் போனோம். உஷிஜிமாவின் மனைவி பருத்த உடம்புக்காரி. வாசலில் கணவாய் மீன் காயப் போட்டிருந்தாள். மினெமுரா படத்தைக் கையில் கொடுத்ததும், வந்த விஷயத்தை முழுதாகச் சொல்லக்கூட விடவில்லை.

"எங்க ஆளு! இந்த வெரலு, வலை இழுக்கற எந்திரத்துல போனது" என்றாள். சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. "கையாட்டல இது. அவன் எங்க ஆட்டுவான்? விமானம்னா உயிரே போயிடும் அந்த மனுசனுக்கு. எதையாவது புடிச்சுக்கணும். பக்கத்துல நான் இருந்தா என் கையைப் புடிப்பான். அன்னிக்கு என்னைக் கூப்பிட்டான், வலை வேலை கெடக்குன்னு நான்தான் போகல."

அப்படியே வாசலில் உட்கார்ந்து, படத்தில் இருந்த கைமேல் தன் கையை வைத்துக்கொண்டாள். வெகு நேரத்துக்குப் பிறகு நிமிர்ந்து, "உங்களுக்கு யாரு?" என்று மினெமுராவைக் கேட்டாள்.

"பொண்ணு. அவ எதிர்ப்பக்கம். படத்துல விழலை."

உஷிஜிமாவின் மனைவி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். நானும் குவஹாராவும் கணவாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மதியம் திரும்பும்போது டாக்சியில் குவஹாராதான் முதலில் பேசினார். "மத்தியானம் வெயில் மேற்கே இருந்து விழும். அதனாலதான் எப்பவும் மேட்டுல நிக்கறது. அந்தப் பக்கம் நின்னா படத்துல விமானம் கருப்பாத்தான் விழும். சன்னல்கூடத் தெரியாது." பின் இருக்கையைத் திரும்பிப் பார்க்காமலே, "மன்னிச்சுடுங்கம்மா" என்றார்.

"கருப்பா விழுந்திருந்தாலும் பரவாயில்லை" என்றாள் அவள்.

ஊர் நெருங்கியதும் அவளே கேட்டாள். "அந்தப் பக்கம் போக வழி இருக்கா?"

இருந்தது. ஓடுபாதைக்குக் கிழக்கே வயல்களுக்கு நடுவே ஒரு மண்பாதை. அப்போதுதான் நடவு முடிந்து, வயலெல்லாம் தண்ணீர். மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். குவஹாராவின் பையில் கேமரா இருந்தது. எதற்காகக் கொண்டு வந்தார் என்று நான் கேட்கவில்லை. வெளியே எடுக்கவும் இல்லை அவர்.

மூன்று பத்துக்குத் தீவு விமானம் ஓட ஆரம்பித்தது.

"எடுங்க" என்றாள் மினெமுரா.

"என்னால முடியலீங்க."

"உள்ளே யாரோட பிள்ளையோ இருக்கு. எடுங்க."

அவர் பையைத் திறந்தார். வெயில் நேராகக் கண்ணில் அடிக்க, விமானம் கருப்பாக எங்களைக் கடந்து ஏறியது. ஒரே ஒரு படம்தான் எடுத்தார். அவள் கையை நெற்றிமேல் வைத்து, அது கடலுக்கு மேலே ஒரு புள்ளியாகி மறையும்வரை பார்த்தாள்.

"தீவுல எப்ப எறங்கும்?"

"மூணே முக்காலுக்கு" என்றேன்.

"அதுவரைக்கும் நிக்கலாமா?"

நின்றோம். மூன்று ஐம்பதுக்கு நான் பாதை முனையில் இருந்த தொலைபேசிக் கூண்டுக்குப் போய், விமான நிலையத்துக்குப் போன் போட்டேன். திரும்பி வந்து, "எறங்கிடுச்சுங்கம்மா" என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டு, செருப்பில் ஒட்டிய சேற்றைப் புல்லில் துடைத்துக்கொண்டு, டாக்சியில் ஏறி உட்கார்ந்தாள்.