முப்பது நிமிடத் தூரம்

அமெரிக்காவில் எங்கள் டகோட்டாப் பக்கம் தூரத்தை யாரும் மைலில் சொல்வதில்லை, நிமிடத்தில்தான் சொல்வோம். பிரசவ வார்டில் நர்ஸ் ரெனே, "வீடு எவ்வளவு தூரம் கண்ணு?" என்று கேட்டார். "முப்பது நிமிஷம்" என்று வாய் கூசாமல் சொன்னேன். உண்மையில் ஐம்பது. முப்பதைத் தாண்டினால் வீட்டுக்கு விடமாட்டார்கள் என்று எனக்கு முன்பே தெரியும்.

குறித்த தேதி போய் ஆறு நாளாகியும் வலி வரவில்லை. கருப்பை வாய் திறக்க ஒரு சின்ன பலூனை உள்ளே வைத்து, அதன் குழாயைத் தொடையில் ஒட்டியிருந்தார்கள். அது தானாக விழும்வரை ஆஸ்பத்திரியில் கிடக்கலாம், இல்லை வீட்டில் காத்திருக்கலாம். மூத்தவன் பிரசவத்தில் இரண்டு நாள் அந்தக் கட்டிலில் கிடந்து, வருவோர் போவோருக்கெல்லாம் காலை விரித்துக் காட்டி என் மானமே போயிற்று. இன்னொரு தடவை என்னால் முடியவே முடியாது.

என் கணவன் ஆர்லன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். எங்கள் வீட்டுக்குப் போகிற சாலையில் தினமும் லாரி ஓட்டுகிறவன். என்னைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். ரெனே முப்பது என்று எழுதிக்கொண்டார். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் வந்தாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ உடனே வரவேண்டும் என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினார்.

வீட்டில் வயிறாரச் சாப்பிட்டேன், துணி மடித்தேன், நடந்தேன். மத்தியானம் இரண்டு மணிக்குப் பலூன் கழிப்பறையில் விழுந்தது. வீட்டுக்கு வந்தது சரிதானே என்று எனக்கு ஒரே பெருமை. அரை மணியில் பனிக்குடம் உடைந்தது. வந்த தண்ணீர் பச்சையாக இருந்தது; பிள்ளை உள்ளேயே மலம் கழித்துவிட்டது என்று அர்த்தம். நாளெல்லாம் உதைக்கிற பிள்ளை அசையவில்லை. குளிர்ந்த ஜூஸ் குடித்தேன், வயிற்றைக் குத்திப் பார்த்தேன், ஒன்றுமில்லை. ஆர்லனைக் கூப்பிட்டுக்கொண்டு காரில் கிளம்பினேன்.

அக்டோபர் மாதம், சர்க்கரை எடுக்கிற பீட்ரூட்டின் அறுவடை நேரம். சர்க்கரை ஆலைக்குப் போகிற லாரிகள் வரிசையாக ஊர்ந்தன. சாலையெல்லாம் சேறு. முப்பது நிமிடம் ஆனபோது நாங்கள் பாதி வழிகூட வரவில்லை. பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நான்தான் கொன்றேன் என்று அழுதேன். ஆர்லன் ஹாரனை அழுத்திக்கொண்டே ஓட்டினான். போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

பிள்ளையின் இதயத் துடிப்பு குறைந்துகொண்டே போனது. உடனே அறுவை அறைக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். பெண் குழந்தை. பிறந்ததும் அழவில்லை. அது அழுகிறவரை நான் மூச்சுவிட்டேனா என்று எனக்கு நினைவில்லை.

மறுநாள் காலை ஆர்லனைப் பிடிபிடியென்று பிடித்தேன். "தூரம் உனக்குத் தெரியும்ல? ஏன்டா சொல்லல?"

நாலு பேர் முன்னால் பெண்டாட்டியை எப்படி மறுத்துப் பேசுவது என்றான். எங்கள் பக்கத்து ஆண்களை அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மரியாதையாம், பெரிய மரியாதை என்று திட்டித் தீர்த்தேன்.

அவன் மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தபடி திட்டையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அது மட்டும் இல்ல. நீ முப்பதுன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. வீட்டுக்கு விட்டா மத்தியானம் ரெண்டு நடை பீட்ரூட் லாரி அடிச்சிரலாம்னு நெனச்சேன்."

நானும் என் சௌகரியத்துக்காகத்தானே முப்பது என்று சொன்னேன். குழந்தையைக் கொடு என்று கேட்டேன். அவன் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு அழுதான்.