நெஞ்சில் ஏறிய கூண்டு

தூத்துக்குடித் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறுவதற்கு முழுதாக ஒரு நாள் முன்பே அது தன் நெஞ்சில் ஏறிவிடும் என்பார் ஜோக்கிம். முப்பத்திரண்டு வருஷம் அங்கே கூண்டு ஏற்றி இறக்கி ஓய்வு பெற்றவர். நெஞ்செரிச்சல் தொண்டைக்கு வந்தால் மூன்றாம் எண் கூண்டு. மூக்குக்குள் புளித்தால் பத்தாம் எண். ஒருமுறை அவர் விட்ட ஏப்பத்துக்குக் கொழும்புக் கப்பல் ஒன்று சங்கு ஊதிப் பதில் சொன்னதாம்.

அவர் ஊரான தருவைகுளத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் கடலுக்குப் போகுமுன் அவர் வாசலை எட்டிப் பார்த்தார்கள். சிரிக்கவும் செய்யாமல் நம்பவும் செய்யாமல் இருந்தது அவர் மனைவி பிளாரன்ஸ் ஒருத்திதான். நர்ஸாக இருந்தவள்.

"ராத்திரி பத்து மணிக்கு நண்டுப் பொரியலும் கட்டன்சாயாவும் தள்ளிட்டு மல்லாந்து படுத்தா கடலா பொங்கும்? வயித்து அமிலம்தான் பொங்கும்."

இதயத்தைச் சோதித்ததில் குறை இல்லை என்று தெரிந்ததும் வீட்டில் சட்டம் அமலுக்கு வந்தது. ஆறரைக்கு அரை வயிற்றுச் சாப்பாடு. பிறகு மூன்று மணி நேரம் படுக்கக் கூடாது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல். இடது பக்கம் சாய்ந்து தூக்கம். சாயா கிடையாது. இரண்டு மாதத்தில் ஆறு கிலோ இறங்கியது. எரிச்சல் இருந்த இடம் தெரியவில்லை.

பிளாரன்ஸுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் வாசலில் எட்டிப் பார்த்தவர்கள், "சுகமா இருக்கேன்" என்று அவர் சொன்னதும், விளக்கு அணைந்த கலங்கரையைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"ஏளா, கடல் என்கிட்ட பேசுதத நிறுத்திட்டு," என்றார் ஜோக்கிம்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை. காலையில் இரண்டே இட்லி. பதினோரு மணிக்கு எழுந்து நின்று நெஞ்சைத் தடவினார்.

"கூண்டு ஏறிட்டு."

"யாரு வீட்ல போயி என்ன தின்னிய?"

சட்டைப் பை, குப்பைத் தொட்டி, பக்கத்து வீட்டுச் சட்டி வரை துழாவினாள். ஒன்றுமில்லை. ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. போனில் வானம் தெளிவு; துறைமுகத்தில் கூண்டும் இல்லை. ஆனால் கடல், எண்ணெய் ஊற்றி வைத்தது போல் அசையாமல் கிடந்தது. கரையில் ஒரு காக்கை இல்லை.

மருமகன் கிளைட்டன் இரண்டு மணிக்கு நாலு பேரோடு மீன்பிடி வல்லத்தைக் கடலில் இறக்க வேண்டும். ஜோக்கிம் நேரே போய் அந்த வல்லத்துக்குள் ஏறி மல்லாந்துவிட்டார்.

"மாமா, எந்திரிங்க. ஊரே பாக்குது."

"என்னைத் தூக்கிப் போட்டுட்டுப் போலே."

"இப்படிப் படுத்தா இன்னும் எரியும்," என்றாள் பிளாரன்ஸ்.

"எரியட்டும்."

கிளைட்டன் அவள் பக்கம் திரும்பினான். "அத்த, வயித்துக் கோளாறுன்னு நீங்கதான சொன்னிய. இப்ப சொல்லுங்க, இறக்கட்டா?"

இறக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மகள் ஜெனிலா ஏழு மாத வயிற்றோடு மணலில் நின்றிருந்தாள். பிளாரன்ஸ் மகளைப் பார்த்துவிட்டு மருமகனிடம் திரும்பினாள்.

"இன்னைக்கு ஒரு நாள் இரு. முதல்ல இவரைத் தூக்கி உக்கார வைக்கணும்."

அவன் நின்றதைப் பார்த்து மற்ற வல்லங்களும் நின்றன.

நாலரைக்குத் தெற்கே ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. கோடு சுவரானது. சுவர் ஓடி வந்தது. ஐஸ் கம்பெனிக் கூரை தாள் மாதிரி வேப்பலோடை ஊர்ப் பக்கம் பறந்தது. மணலில் இழுத்துக் கட்டியிருந்த வல்லங்கள் குப்புறப் புரண்டன. கிளைட்டன் வலை விரிக்கும் திசையில் கடல் எழுந்து நின்று சுழன்றது. மொத்தம் இருபது நிமிஷம்.

மறுவாரம் டாக்டர் கேட்டார்: "இப்ப எரிச்சல் உண்டா?"

"ஒரே ஒரு நாள்," என்றாள் பிளாரன்ஸ்.

"என்ன சாப்பிட்டாரு?"

"ரெண்டு இட்லி."

டாக்டர் பேனாவோடு காத்திருந்தார். பக்கத்து நாற்காலியில் ஜோக்கிம், கல்யாண மாப்பிள்ளை போல் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். பிளாரன்ஸ் குனிந்து கைப்பையின் வாரைத் திருகினாள்.

"காத்து வந்துச்சு டாக்டர். இவரு சொன்ன மாதிரியே வந்துச்சு. நான் பாத்தேன்."