ஆற்று நடுவே ஓர் எழுத்து

பன்னிரண்டு வயதாகியும் தகேமாட்சுவுக்கு வாய் நிற்காது. வாள் பழகும்போது கத்துவான், பாடம் ஒப்பிக்கும்போது கத்துவான், கூரையிலிருந்து பல்லி விழுந்தாலும் கத்துவான். "நம்ம வீட்டுக்கு நாய் எதுக்கு, இவன் ஒருத்தன் போதாதா?" என்பாள் அக்கா சாயோ. அவள் தொண்டை மட்டும் என்ன சாமானியமா, தெருக்கோடி வரை கேட்கும்.

ஆனால் ஆற்றில் இறங்கிவிட்டால் அவனை அடிக்க ஆளில்லை. ஆசான் ஓகாதாவின் நீச்சல் பள்ளியில் ஒரே சட்டம்: தலை நனையக் கூடாது. ஆழத்தில் செங்குத்தாக நின்று, கால்களால் மட்டும் தண்ணீரை மிதித்து, ஒரு கையில் தாளும் மறு கையில் தூரிகையுமாக எழுத வேண்டும். சாமுராய் வீரனுக்கு வெள்ளத்திலும் கை நடுங்கக் கூடாதாம்.

இன்றைக்கு அதற்குத்தான் பரீட்சை. பிரபுவே கரைப் பந்தலில் வந்து உட்கார்ந்துவிட்டார். நெற்றிமுடி இருக்கும்வரை பையன், மழித்தால்தான் ஆள். ஜெயிப்பவனுக்கு இன்றே முடியை மழித்து, வசந்தத்தில் பிரபுவின் ஊர்வலத்தோடு பெருநகரமான எடோவுக்கு அழைத்துப் போவார்கள். எடோ! நினைத்தாலே தகேமாட்சுவுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவுக்குக் கோட்டைக் குதிரை லாயத்தில் சின்ன உத்தியோகம். அதுவும் அண்ணனுக்குத்தான் போகும். இதை விட்டால் ஆயுசுக்கும் அண்ணன் வீட்டு மூலையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதுதான்.

பிரபு கொடுத்த சொல் 'அமைதி'. யாருக்கு வந்த சோதனை பாருங்கள்!

முரசு அதிர்ந்தது. பையன்கள் தண்ணீரில் இறங்கினார்கள். தகேமாட்சு தூரிகையைப் பல்லில் கடித்து, தாளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடு ஆற்றுக்கு வந்தான். கழுத்தோடு இறுக்கிக் கட்டிய மூங்கில் மைக்குப்பி. இடுப்பில், காலில் சுற்றும் நீர்க்கொடிகளை அறுக்க ஒரு கத்தி. பக்கத்திலேயே ஷிகேயா, அமைச்சர் மகன். தூரிகையைக் கையில் எடுத்து எழுதவும் ஆரம்பித்துவிட்டான்.

"டேய் லாயம்! குதிரை மாதிரியே மிதிக்கிறியே, கொள்ளு கொண்டுவரச் சொல்லவா?"

"உங்கப்பனுக்கு மிச்சம் வச்சு..."

அவ்வளவுதான். தூரிகை தொப்பென்று விழுந்தது. அவன் கை நீட்டுவதற்குள் ஆறு அதைக் கொண்டுபோய்விட்டது.

"ஐயோ, வாயைத் திறந்துட்டான்! பாவி, திறந்துட்டான்!" பாலத்திலிருந்து சாயோ அலறியது அவன் காதில் விழுந்தது.

தகேமாட்சுவுக்கு அழுகை முட்டியது. எடோ போச்சு. எல்லாம் போச்சு. தூரிகை என்பதே ஒரு கொத்து முடிதான், இந்த நடு ஆற்றில் காய்ந்த முடிக்கு எங்கே போவது? யோசிக்கும்போதே காற்று அவன் நெற்றிமுடியைக் கண்ணில் தள்ளியது. பொட்டு ஈரமில்லை!

வெட்டிவிடலாமா? நெற்றிமுடியை நல்ல நாள் பார்த்து, பெரியவர் ஒருவர் கையால்தான் எடுக்க வேண்டும். பிரபு கண்ணெதிரே தானே வெட்டிக்கொண்டால் திமிர் என்பார்கள். எடோ இருக்கட்டும், வீட்டை விட்டு வெளியே வரவே விடமாட்டார்கள்.

தாளின் ஓரத்தைப் பல்லில் கடித்தான். இடது கையால் முடியைக் கொத்தாகப் பிடித்தான், வலது கையில் கத்தி. கால்கள் தண்ணீரை மிதி மிதியென்று மிதித்தன. சரக்! கத்தி ஆற்றோடு போனது. முடிக்கொத்தை மையில் தோய்த்து, தாளைக் கைக்கு மாற்றி, ஒரே மூச்சில் எழுதி முடித்தான். என்ன ஆனந்தம்! தாளின் ஓரத்தை மறுபடி பல்லில் கடித்துக்கொண்டு கரைக்குத் திரும்பினான்.

கரையேறியபோது ஆசான் முகத்தில் ரத்தமே இல்லை. "என்னடா காரியம் பண்ணினே? குனி, தரையில தலையை வை!"

தகேமாட்சு மணலில் நெற்றியைப் பதித்தான். நனையாமல் கரைசேர்ந்தவை இரண்டே தாள்கள்; பிரபு இரண்டையும் பார்த்தார். ஷிகேயாவின் எழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். இவனுடையது தடியாக, முரட்டுத்தனமாக, மேலே ஒரு முடி வேறு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"தூரிகை எங்கே?"

"வாயைத் திறந்தேன் பிரபு. விழுந்துடுச்சு."

"அப்புறம்?"

"தாளைக் கடிச்சுக்கிட்டேன். அப்புறம் திறக்க முடியலை."

பிரபுவின் தோள்கள் குலுங்கின. "அழகா எழுதுறவங்க எடோவில தெருவுக்குத் தெரு இருக்காங்க," என்றார். "யாரங்கே, சவரக்கத்தி கொண்டா. இவன் பாதியில விட்டதை நானே முடிக்கிறேன்."

தகேமாட்சுவுக்குக் காதில் விழுந்தது நிஜமா என்றே தெரியவில்லை. ஜில்லென்று கத்தி நெற்றியில் பட்டது.

"எடோ வரைக்கும் வாயை மூடிக்கிட்டு வருவியா?"

அடிவயிற்றிலிருந்து ஒரு கூச்சல் கிளம்பித் தொண்டைக்கு வந்து நின்றது. தகேமாட்சு உதட்டைக் கடித்து அதை விழுங்கினான். பிறந்ததிலிருந்து அவன் விழுங்கிய முதல் கூச்சல் அதுதான்.

"எங்க தம்பி எடோ போறான்டோய்!"

பாலத்திலிருந்து வந்த சத்தத்தில், பந்தலருகே கட்டியிருந்த குதிரைகள் மிரண்டன. காவலர்கள் ஈட்டியோடு திரும்பினார்கள். பிரபு கத்தியை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அது யாரு?"

"எங்க அக்கா, பிரபு," என்றான் தகேமாட்சு, மிக மெல்ல.