இடப்பக்க சீட்டு

ஞாயிறு பூசை முடிந்து அல்போன்சா ஃப்ரேசர் டவுன் வீட்டுக்குத் திரும்பியபோது, அவள் விற்ற கார் கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் அதை வாங்கிய கவினும், நிறைமாத வயிற்றோடு அவன் மனைவி தாரணியும். நலம் விசாரிக்க வந்த முகமாக இரண்டும் இல்லை.

“ஆன்ட்டி, தப்பா நினைச்சுக்காதீங்க. வண்டிய நீங்களே திருப்பி எடுத்துக்கறீங்களா?” என்றான் கவின். “கம்பெனில வாங்கியிருந்தா சில பேர் ரிட்டர்ன் எடுத்துக்கறாங்களாம். ஆள்கிட்ட நேரா வாங்கினா அதெல்லாம் இல்லைங்கறாங்க. நீங்க மனசு வச்சாதான்.”

“என்ன ரிப்பேரு தம்பி?”

ஒப்புக்குத்தான் கேட்டாள். அவன் சாவியைத் திருகினான். காலியாக இருந்த இடப்பக்க சீட்டுக்கு பெல்ட் போடச் சொல்லி வண்டி டிங் டிங் என்று கத்த ஆரம்பித்தது.

“சென்சார் மாத்தியாச்சு. அப்பவும் கத்துது.”

“உக்காரப் போனா சீட்டு சூடா இருக்கு ஆன்ட்டி,” என்றாள் தாரணி. “ஏற்கெனவே யாரோ இருக்காங்க. ஆஸ்பத்திரிக்கு இதுல வரவே மாட்டேன்னுட்டேன். பயமா இருக்கு.”

யாரோ இல்லை, ரெமிஜியஸ்தான். அல்போன்சாவின் கணவர். கடைசிவரை ஸ்டியரிங்கைத் தொடாத மனுஷன். அவள் ஓட்ட, அவர் இடப்பக்கம் சாய்ந்துகொள்வார். பெல்ட் மட்டும் போடமாட்டார். “நீ ஓட்டறப்ப எனக்கென்னடி ஆகப்போகுது?” அப்படியே ஒருநாள் சிக்னலில் தலை சாய்ந்தது. தூங்குகிறார் என்று திட்டிக்கொண்டே ஓட்டினாள், பாவி.

சவப்பெட்டியை மூடும்போது அவள் ஒரு தப்பு செய்தாள். தினமும் வேலைக்குக் கிளம்புகிறவரிடம் கேட்டருகே சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். “போயிட்டு வாங்க” என்றுவிட்டது. சாவு வீட்டில் யாரும் ‘வரேன்’ என்று சொல்லிக்கொண்டுகூடக் கிளம்பமாட்டார்கள். இவளோ போகிறவரையே வரச் சொல்லிவிட்டாள். அவரும் அதே சீட்டுக்கு வந்துவிட்டார். பயந்துபோய்த்தான் வண்டியை விற்றாள். விற்ற பிறகு வீடு வெறிச்சென்று ஆனதுதான் மிச்சம்.

இப்போது வாசலிலேயே வந்து நிற்கிறார். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாவிக்காக அவள் கை நீண்டேவிட்டது.

தாரணி உச்சி வெயிலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவு திறந்திருந்தும் உட்காரவில்லை. உட்கார இடம் இல்லை அவளுக்கு.

அல்போன்சா கையை இழுத்துக்கொண்டாள். குனிந்து இடப்பக்க சீட்டில் உள்ளங்கையை வைத்தாள். சூடு. அவர் உடம்புச் சூடு. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“என்னங்க, எறங்குங்க. பிள்ளத்தாச்சிப் பொண்ணு நிக்குது.”

டிங். டிங்.

“நான் சொன்னதுனாலதான வந்தீங்க? நானே சொல்றேன். போங்க.” கையை இன்னும் அழுத்தினாள். “இனிமே வராதீங்க.”

சத்தம் நின்றது. உள்ளங்கைக்குக் கீழே சீட்டு மெல்ல மெல்ல ஆறியது. முழுக்க ஆறும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

“உக்காரும்மா,” என்றாள். “பெல்ட்ட மறக்காம போட்டுக்கோ.”

தாரணி தயங்கித் தயங்கித் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தபோது ஜன்னல் வழியே தலையை நீட்டி, எல்லாரும் சொல்கிறதைத்தான் சொன்னாள்.

“போயிட்டு வரோம் ஆன்ட்டி.”

‘வாங்க’ என்பது அல்போன்சாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, பதில் சொல்லாமல் கேட்டைச் சாத்தினாள்.