முன்னால் நடந்த மனைவி

"இனிமே நீ எனக்கு முன்னாடி நட, சயோ."

"எங்கங்க போகணும்?"

"அது எனக்குத் தெரியும். நீ முன்னாடி நட."

ஜெர்மனியில் இரண்டு வருடம் படித்துவிட்டு என் கணவர் தெய்ஜிரோ, ஜப்பானில் எங்கள் கோபே துறைமுகத்தில் வந்து இறங்கியதும், எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு இதுதான். அங்கெல்லாம் பெண்களுக்குத்தான் முதலிடமாம். கல்யாணமான நாளிலிருந்து அவர் முதுகைப் பார்த்தே நடந்து பழகியவள் நான். அன்று முன்னால் போனேன். பின்னாலிருந்து அவர், "இடது பக்கம் திரும்பு... மெதுவா... ரிக்‌ஷாவுக்கு வழிவிடு" என்று என்னை ஓட்டிக்கொண்டே வந்தார். மீன்காரி ஒருத்தி, "ஐயாவுக்குப் பார்வை எப்பம்மா போச்சு?" என்று பரிதாபப்பட்டாள்.

அவர் அன்பானவர்தான். எனக்காக வாங்கி வந்த ஷூ காலைக் கடித்தபோது, தானே வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுத்தார். எங்கள் தெருவில் எந்தப் புருஷனும் செய்யாத காரியம். மறுநாள் அதே ஷூவைத்தான் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

"பேர் சொல்லிக் கூப்பிடு. நாம ரெண்டு பேரும் சமம்."

"வேண்டாங்களே..."

"சொன்னா கேளு!"

கேட்டேன். "தெய்ஜிரோ" என்று கூப்பிட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் தரையில் நெற்றி படக் கும்பிட்டேன்.

அவர் ஜெர்மனியில் இருந்த நாட்களில் நான் டெலிபோன் நிலையத்தில் வேலை பார்த்தேன். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, எந்த எண் வேண்டுமென்று கேட்டு, கம்பியைச் செருகி, முகம் தெரியாத இருவரைப் பேச வைப்பேன். அரிசி வியாபாரியும் வங்கி மேனேஜரும் என் குரலுக்காகக் காத்திருந்தார்கள். அவருடைய கப்பல் வருகிறது என்று தந்தி வந்ததும் வேலையை விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. மனைவி என்றால் அப்படித்தான் என்று நானே நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு ஒவ்வொரு காலையும், பாத்திரம் கழுவும்போதுகூட, கை கம்பியைத் தேடியது.

கூட வேலை பார்த்த கினு வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"உன் இடத்தை இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் காலியா வச்சிருப்பாங்களாம். வீட்டுக்காரர்கிட்ட கேட்டியா?"

"கேட்கணும்."

"சுதந்திரம் சுதந்திரம்னு ஊர் பூரா பேசுறார். அவர்கிட்ட என்னடி பயம்?"

"பயமெல்லாம் இல்லடி. அவர் பேசி முடிக்கணுமே!"

நான் பொய் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் என்னை எதிரில் உட்காரவைத்து, "உனக்கு என்ன வேணும்? மனசுல இருக்கறதைச் சொல்லு" என்பார். நான் வாயைத் திறப்பேன். "தெரியும், தொப்பிதானே?" என்பார். தொப்பி வந்தது. அடுத்த வாரம் நாற்காலி வந்தது. அதன் மேல் ஏறி, தரையில் உட்காரும் எங்கள் வழக்கப்படியே காலை மடித்து மண்டியிட்டு உட்கார்ந்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, மகளிர் சங்கத்தில் அவர் பேசுவதாக ஏற்பாடு. தலைப்பு, 'இல்லத்தில் சுதந்திரம்'. என்னையும் மேடையில் நிறுத்துவதாகத் திட்டம். அதற்காக ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் ஒத்திகை. அவர் கேள்வி கேட்பார்; "எனக்கு எல்லாமே கிடைத்துவிட்டது" என்று நான் சொல்ல வேண்டும்.

"குரல் பத்தலை. சந்தோஷமா சொல்லு பார்ப்போம்!"

"எனக்கு எல்லாமே கிடைச்சிடுச்சுங்க."

"இதைவிட சந்தோஷமா!"

கூட்டத்தன்று சங்கத்தின் கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் என் கணவர் பாடம் நடத்தும் கல்லூரி முதல்வரின் மனைவி, விசிறியை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கினுவும் எங்கோ பின்னால் இருந்தாள். என் கணவர் ஒரு மணி நேரம் பேசினார். நன்றாகவே பேசினார், எனக்கே இரண்டு முறை கண் கலங்கியது. கடைசியில் என் பக்கம் திரும்பி, அந்த வெளிநாட்டு வழக்கப்படி லேசாகக் குனிந்தார்.

"சயோ, கூச்சப்படாம சொல்லு. இன்னும் உனக்கு என்ன வேணும்?"

கேட்டுவிட்டு நிறுத்தினார். இந்த ஒரு தடவை, எனக்குப் பதிலாக அவர் பதில் சொல்லவில்லை. சபை பார்த்துக்கொண்டிருந்தது. அவர் சிரித்த முகத்தோடு, தலையை ஆட்டி ஆட்டி என்னை ஊக்கப்படுத்தினார்.

அந்த முகத்தைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் கேட்டபடியே, குரலை உயர்த்தி, நிஜமான சந்தோஷத்தோடு சொன்னேன்:

"நான் மறுபடியும் டெலிபோன் நிலையத்துக்கு வேலைக்குப் போகணுங்க."